ஒரு பெருக்கம், ஒரு கடிகாரம்: லினக்ஸ் கணினியில் புற ஒலிக்கருவிகளை இணைத்துப் பதிவு செய்யும் முறை

1. நுதலிய பொருள்

கணினிக்கு வெளியே உள்ள ஒலிக்கருவி ஒன்றை லினக்ஸ் கணினியோடு இணைத்து, அதிலிருந்து வரும் ஒலியைக் கோப்பாகப் பதிந்து வைக்கும் முறையே இக்கட்டுரை நுதலிய பொருள். மைக், கேசட் டெக், இசைத்தட்டுச் சுழலி, மின்கிதார், கீபோர்டு, மேடை மிக்ஸர் ஆகியவை புற ஒலிக்கருவி என்னும் பெயருள் அடங்கும். புளூடூத் வழியாக இணையும் கருவிகளை நாம் விலக்குகிறோம். அவை ஒலியைச் சுருக்கி அனுப்புபவை; பதிவுக்கு உரிய வழி அதுவன்று.

இப்பொருள் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் கட்டளைகளில் தொடங்கிக் கட்டளைகளில் முடிகின்றன. கட்டளைகள் தேவையே. ஆயினும் இரைச்சல் மிகுந்த பதிவு, உச்சம் வெட்டுண்ட பதிவு, படத்தோடு ஒட்டாமல் போகப்போக விலகும் பதிவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு காரணம் தேடினால், அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு பிழைகளில் சென்று முடிவதைக் காண்கிறோம். ஒன்று, குறிகையை ஓரிடத்தில் குறைத்து வேறோரிடத்தில் கூட்டுவது. மற்றொன்று, ஒரே பதிவின் காலத்தை இரண்டு கடிகாரங்கள் அளக்க விடுவது. ஆகவே, பதிவுத்தொடர் ஒன்றில் பெருக்கம் நிகழும் இடம் ஒன்றாக இருத்தல் வேண்டும், காலத்தை ஆளும் கடிகாரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் நிறுவ முயலும் கருத்து. கட்டளைகள் இவ்விரண்டுக்கும் துணையாக வருபவை.

2. சொற்பொருள் வரையறை

குறிகை என்பது ஒலியழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒத்து மாறும் மின்னழுத்தம். கம்பியில் இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும்போது அது ஒப்புமைக் குறிகை. எண்களின் வரிசையாக எழுதப்பட்டபின் எண்ணிமக் குறிகை. குறிகையின் நிலை என்பது அம்மின்னழுத்தம் வழக்கமாக நிற்கும் அளவு. அந்நிலையை உயர்த்தும் விகிதம் பெருக்கம் எனப்படும். அதை டெசிபெல்லில் சொல்வது மரபு: மின்னழுத்தம் பத்து மடங்கானால் 20 டெசிபெல், ஆயிரம் மடங்கானால் 60 டெசிபெல்.

ஒரு கணத்து மின்னழுத்தத்தை அளந்து எழுதிய எண் மாதிரி. நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை மாதிரி வீதம். ஒரு மாதிரியை எழுதப் பயன்படும் பிட்டுகளின் எண்ணிக்கை மாதிரி ஆழம். பிட் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருவதால் 16 பிட்டுக்கு 96 டெசிபெல்லும் 24 பிட்டுக்கு 144 டெசிபெல்லும் கணக்கில் கிடைக்கும். பின்னது கணக்களவில் மட்டுமே உண்மை. மின்சுற்றின் வெப்ப இரைச்சல் முன்னதாகவே குறுக்கிடுவதால், நல்ல மாற்றிகளும் 110 முதல் 120 டெசிபெல் அளவில் நின்றுவிடுகின்றன.

ஒப்புமைக் குறிகையை எண்ணிமமாக்கும் உறுப்பு மாற்றி. அது எழுதக்கூடிய மிகப்பெரிய எண் முழுவளவு. எண்ணிமக் குறிகையின் நிலையை முழுவளவிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம். எனவே அவ்வளவுகள் யாவும் கழித்தல் குறி பெற்றவை. முழுவளவைத் தாண்டிய குறிகைக்கு எண் இல்லை. அலையின் தலை தட்டையாகிவிடும். இதுவே வெட்டுண்ணல். மாற்றி எந்தக் கணத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லும் படிக அலைவி கடிகாரம் எனப்படும். மாதிரிகள் அடுத்த நிலைக்குச் செல்லுமுன் காத்திருக்கும் நினைவகப் பகுதி இடையகம். ஒலி எழுந்த கணத்துக்கும் அது செயலியை அடையும் கணத்துக்கும் உள்ள இடைவெளி சுணக்கம்.

மூலம், வடம், முற்பெருக்கி, மாற்றி, யூஎஸ்பி, கர்னலின் இயக்கி, ஒலிச் சேவையகம், பதிவுச் செயலி, கோப்பு என இவ்வரிசையில் அமைந்த நிலைகளின் கோவையைப் பதிவுத்தொடர் என்கிறோம். இவ்வரிசையில் முந்தைய நிலையில் இழந்ததைப் பிந்தைய நிலை மீட்டுத் தராது.

3. மூலங்களின் வகை

மூலங்கள் அவை தரும் குறிகையின் நிலையால் நான்கு வகைப்படும்.

முதலாவது மைக் நிலை. மேடையில் பாடகர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக், வாயருகே பேசும் குரலுக்கு ஒன்றிரண்டு மில்லிவோல்ட் அளவே தருகிறது. இதை லைன் நிலைக்குக் கொண்டுவர அறுநூறு மடங்கு, அதாவது சுமார் 55 டெசிபெல், பெருக்க வேண்டும். கண்டென்ஸர் மைக் அதைவிட மிகுந்த குறிகை தரும். ஆனால் அதன் உள்ளிருக்கும் மின்சுற்று இயங்க 48 வோல்ட் மின்னழுத்தத்தை மைக் வடத்தின் வழியே அனுப்ப வேண்டும். இதனை ஃபேண்டம் மின்சாரம் என்பர். முறையான வடத்தில் இணைந்த டைனமிக் மைக்கை இது தாக்காது. பழைய ரிப்பன் மைக்குகளுக்கும், எக்ஸ்எல்ஆர் வடத்தால் இணைத்த மிக்ஸர் வெளியீடுகளுக்கும் தீங்கு நேரக்கூடும். ஆகவே அப்பொத்தான் தேவைப்பட்டால் மட்டுமே அழுத்தத்தக்கது.

இரண்டாவது இசைக்கருவி நிலை. மின்கிதாரின் கம்பிச்சுருள் வோல்ட்டில் ஒரு பங்கு தரும். இங்கு முதன்மையானது நிலையன்று, மின்மறுப்பு. ஏற்கும் வாயிலின் மின்மறுப்பு ஒரு மெகாஓம் அளவில் இருத்தல் வேண்டும். சில ஆயிரம் ஓம் மட்டுமே உள்ள வாயிலில் செருகினால் உயர் அலைவெண்கள் மழுங்கிப் போகும். முற்பெருக்கியையும் மாற்றியையும் தம்முள் கொண்ட ஒலி இடைமுகங்களில் இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய சிறு பொத்தானின் பயன் இதுவே.

மூன்றாவது ஃபோனோ நிலை. இசைத்தட்டுச் சுழலியின் நகரும் காந்த ஊசி சுமார் 5 மில்லிவோல்ட் தருகிறது. அது மைக் நிலையை ஒத்தது எனக் கருதி மைக் வாயிலில் செருகுவது தவறு. தட்டு வெட்டப்படும்போதே தாழ் அலைவெண்கள் குறைக்கப்பட்டும் உயர் அலைவெண்கள் கூட்டப்பட்டும் பதிகின்றன. இயக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். 1950களின் நடுவிலிருந்து நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவின்படி, 1000 ஹெர்ட்ஸை நோக்க 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லுக்குச் சற்று மேல் கூட்டலும், 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு குறைத்தலும் நிகழ வேண்டும். இதைச் செய்வது ஃபோனோ முற்பெருக்கி. அது இல்லாமல் பதிந்த பாட்டு அடிநாதமின்றிக் கீச்சென்று ஒலிக்கும். ஆடாசிட்டி போன்ற செயலிகளில் இவ்வளைவைப் பின்னர் இடவும் வழி உண்டு. அவ்வாறு செய்வோர் ஊசிக்கு உரிய 47 கிலோஓம் சுமையையும், ஏறத்தாழ 40 டெசிபெல் பெருக்கத்தையும் வேறெங்கேனும் தேட வேண்டியிருப்பதால், முற்பெருக்கியே நேர்வழி என்பது எம் கருத்து.

நான்காவது லைன் நிலை. இது வீட்டு நிலை, தொழில்முறை நிலை என இரண்டாகப் பிரியும். கேசட் டெக், சிடி இயக்கி முதலிய வீட்டுக் கருவிகளின் அளவுகோல் 0.316 வோல்ட். ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸருக்கு 1.228 வோல்ட். இவற்றிடையே உள்ள தொலைவு சுமார் 12 டெசிபெல். தொழில்முறை மிக்ஸரின் வெளியீட்டை வீட்டு நிலை வாயிலில் செருகும்போது பிற்பகுதியில் எந்தக் குமிழைத் திருகினாலும் வெட்டுண்ணல் நீங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். குறிகை முதல் வாயிலிலேயே தலை இழந்துவிட்டது.

4. வடமும் தரைச்சுற்றும்

ஒற்றைக் கடத்தியும் உறையும் கொண்டது சமனிலா வடம். ஆர்சிஏ செருகிகள் இவ்வகை. எதிரெதிர்க் குறிகை தாங்கும் இரு கடத்திகளும் உறையும் கொண்டது சமனிலை வடம். எக்ஸ்எல்ஆர் செருகியும் மூன்று தொடுமுனை கொண்ட கால் அங்குலச் செருகியும் இதற்குரியவை. சமனிலை வாயில் இரு கடத்திகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், வழியில் இரண்டிலும் ஒருசேர ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது.

இங்கே ஒரு பிழையை அணுக்கமாகக் காட்டுவது பயன் தரும். ஸ்டீரியோ ஹெட்ஃபோன் செருகிக்கும் மூன்று தொடுமுனைகள் உண்டு. உருவில் அது சமனிலைச் செருகியேதான். ஒரு கீபோர்டின் ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து அத்தகைய வடத்தை இடைமுகத்தின் ஒரே சமனிலை வாயிலில் செருகினால், வாயில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்துவிடும். இரு பக்கத்திலும் சமமாக உள்ள ஒலி, அதாவது நடுவில் நிற்கும் குரலும் அடிநாதமும், மறைந்து எதிரொலிப்பு மட்டும் எஞ்சும். மென்பொருளில் எங்கு தேடினாலும் இதற்குக் காரணம் கிடைக்காது. இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிச் செருகி கொண்ட இரட்டை வடம் ஒன்றே தீர்வு.

தரைச்சுற்று என்பது இரு கருவிகள் சுவர்ச் செருகியின் தரைக்கம்பி வழியாகவும் ஒலிவடத்தின் உறை வழியாகவும் இரு முறை இணைவதால் உண்டாகும் மூடிய சுற்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலின் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் பதிவில் ஏறும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டும்போது உறுமல் அடங்கினால் காரணம் உறுதி. கருவிகள் அனைத்தையும் ஒரே மின்பலகையில் செருகுதல், சமனிலை வடத்துக்கு மாறுதல், லைன் வடத்தின் நடுவே பிரிப்பு மின்மாற்றி இடுதல் என்பன ஏற்கத்தக்க தீர்வுகள். செருகியின் தரைமுனையை ஒடிப்பதோ கழற்றுவதோ தீர்வன்று. அது உயிருக்கு ஆபத்து.

5. மாற்றியைத் தெரிதல்

மடிக்கணினியின் பக்கத்தில் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளை நான்கு தொடுமுனை கொண்டது. அதில் மைக்குக்குரியது ஒன்றே, அதுவும் மோனோ, சிறு மைக்குகளை இயக்க ஓரிரு வோல்ட் மின்னழுத்தம் அதில் எப்போதும் நிற்கும். கேசட் டெக்கின் ஸ்டீரியோ லைன் வெளியீட்டை இங்கே செருகினால் ஒரு பக்கம் இழக்கப்படுகிறது, மறுபக்கம் வெட்டுண்கிறது. நீலநிற லைன்-இன் துளை உள்ள மேசைக்கணினிகளில் அது பயன்படும். எஞ்சியோர்க்கு யூஎஸ்பி ஒலி இடைமுகமே வழி.

இடைமுகம் வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது யூஎஸ்பி ஒலி வகுப்புக்கு இணங்கியதா என்பது. ஒலிக்கருவி எவ்வாறு தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், எவ்வாறு மாதிரிகளை அனுப்ப வேண்டும் என வரையறுக்கும் பொது ஒப்பந்தமே ஒலி வகுப்பு. முதல் வகுப்பு 1998இல் வந்தது. நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் இயங்கும் இணைப்புக்கு ஏற்றது. 2006இல் வந்த இரண்டாம் வகுப்பு 480 மெகாபிட் வேகத்தைப் பயன்படுத்திப் பல தடங்களைத் தாங்கும். இவ்விரண்டையும் லினக்ஸ் கர்னலில் உள்ள ஒரே இயக்கி புரிந்துகொள்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டுவதில்லை. இரண்டாம் வகுப்புக்கு லினக்ஸில் 2010 அளவிலேயே ஆதரவு வந்துவிட்டது. விண்டோஸ் தன் சொந்த இயக்கியைத் தந்தது 2017இல். ஐபேடில் இயங்கும் என்று பெட்டியில் எழுதியுள்ள இடைமுகம் பெரும்பாலும் லினக்ஸிலும் இயங்கும், ஏனெனில் இரண்டும் நாடுவது அதே ஒப்பந்தத்தை.

வகுப்புக்கு இணங்கிய கருவியும் உள்ளே தனக்கென ஒரு மிக்ஸரைக் கொண்டிருக்கலாம். அதை ஆளும் வழி ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ளது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக்கு அவ்வழியைத் தன்னார்வலர் ஒருவர் ஆராய்ந்து கர்னலிலேயே சேர்த்து, தனி வரைகலைச் செயலியும் எழுதித் தந்தார். இத்தகைய உழைப்பின் மேல்தான் லினக்ஸ் ஒலிப்பதிவு நிற்கிறது என்பதை நன்றியோடு குறிக்கிறோம். ஃபயர்வயர் இடைமுகங்களுக்கும் கர்னலில் இயக்கிகள் உண்டு. ஆனால் அவ்வகைத் துளை உள்ள கணினிகள் அருகிவிட்டமையால் புதிதாக வாங்குவோர்க்கு அவற்றைப் பரிந்துரைப்பதற்கில்லை.

6. கடிகாரம்

48,000 மாதிரி வீதம் என்பது படிக அலைவி ஒன்று தன் நொடியைப் பிரித்துச் சொல்லும் எண். இன்னொரு கருவியின் படிகம் சொல்லும் 48,000 இதனோடு சரியாக ஒக்காது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 180 மில்லிநொடியாகத் திரளும். பாடகர் ஒரு யூஎஸ்பி மைக்கிலும் மிருதங்கம் வேறொரு யூஎஸ்பி மைக்கிலும் பதியப்பட்டால், கச்சேரித் தொடக்கத்தில் ஒன்றாக விழுந்த தட்டு முடிவில் இரண்டாகக் கேட்கும். இரண்டு கோல் கொண்டு ஒரு துணியை அளப்பது போன்றது இது. ஒவ்வொரு கோலும் தன்னளவில் சரியே.

யூஎஸ்பி ஒலிக்கருவிகள் காலத்தைப் பேணும் முறை மூன்று. கணினியின் துடிப்பையே தன் துடிப்பாகக் கொள்வது ஒத்தியங்கு முறை. வந்துசேரும் தரவின் வேகத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்வது தகவமை முறை. தன் படிகத்தையே தலைமையாகக் கொண்டு கணினியைத் தன்னைப் பின்பற்றச் செய்வது தற்சார்பு முறை. நல்ல இடைமுகங்கள் பலவும் மூன்றாம் முறையினவே. முதல் வகுப்புக் கருவி மில்லிநொடிக்கு ஒரு பொதி அனுப்பும். 44,100 மாதிரி வீதத்தில் பொதிக்கு 44.1 மாதிரி வர வேண்டும்; மாதிரியைப் பின்னமாக்க இயலாது. எனவே ஒன்பது பொதிகள் 44 மாதிரியோடும் பத்தாவது 45 மாதிரியோடும் வருகின்றன. தற்சார்பு முறையில் கருவியின் படிகம் சற்று விரைந்தால் 45 மாதிரிப் பொதி சற்று முன்னதாக வரும். கணினி அதை அப்படியே ஏற்கிறது.

ஆகவே பல மைக்குகளால் பதிய வேண்டியபோது, மைக் எண்ணிக்கைக்கு ஏற்ற வாயில்கள் கொண்ட ஒரே இடைமுகத்தை நாட வேண்டும். இரண்டு இடைமுகம் தவிர்க்க முடியாதபோது எஸ்பிடிஐஎஃப் போன்ற எண்ணிம வடத்தால் ஒன்றன் கடிகாரத்தை மற்றதற்கு அளித்து, பெறும் கருவியைப் புறக்கடிகாரத்துக்கு மாற்றிவைக்க வேண்டும். அதுவும் இயலாதெனில் மென்பொருள் ஒன்றைத் தலைமையாகக் கொண்டு மற்றதன் மாதிரிகளை இடைவிடாது மறுகணிக்கும். பைப்வயர் இதைத் தானே செய்கிறது. பேச்சுப் பதிவுக்கு அது போதும். முதல் தேர்வாக அதைக் கொள்ளலாகாது.

7. லினக்ஸின் அடுக்குகள்

அடித்தளத்தில் இருப்பது ஆல்சா. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய இத்திட்டம் 2003 இறுதியில் வெளியான 2.6 கர்னலில் ஒலிக்குரிய முதன்மை அடுக்காக அமர்ந்தது. கருவியோடு நேரே பேசுவது இதுவே. இதன் மேல் அமைவது ஒலிச் சேவையகம்: பல செயலிகளுக்கு ஒரு கருவியைப் பகிர்ந்தளிப்பது அதன் தொழில். லெனார்ட் பொட்டரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ் ஆடியோ அன்றாடப் பயன்பாட்டுக்கானது. பால் டேவிஸ் உருவாக்கிய ஜாக் ஒலிப்பதிவாளர்க்கானது. ஒரு சேவையகத்துக்கு ஒரு கருவி, ஒரு கடிகாரம் என்னும் கண்டிப்பை அது வடிவமைப்பிலேயே கொண்டிருந்தது. விம் டைமான்ஸ் உருவாக்கிய பைப்வயர் இவ்விரண்டின் செயலிகளையும் தானே ஏற்று நடத்துகிறது. 2021இல் ஃபெடோரா 34 அதை இயல்பு ஒலிச் சேவையகமாக்கியது. பின்னர் உபுண்டு முதலியனவும் அவ்வழியே சென்றன.

பைப்வயர் பயன்படுத்துவோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அதன் இயல்பு மாதிரி வீதம் 48,000 மட்டுமே. பதிவுச் செயலியில் 44,100 என்று குறித்தாலும், கருவி 48,000இல் ஓட, சேவையகம் இடையே மறுகணித்துத் தரும். வேறு வீதம் வேண்டுவோர் அமைவுக் கோப்பின் அனுமதித்த வீதங்களில் அதைச் சேர்த்துவிட வேண்டும். பிடபிள்யூ-டாப் என்னும் கட்டளை கருவி உண்மையில் ஓடும் வீதத்தைக் காட்டும்.

8. பெருக்கம்: ஒரு கேசட்டைக் கொண்டு விளக்கம்

நாகசுரக் கச்சேரி ஒன்றைப் பதிந்த சி-90 கேசட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 45 நிமிடம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும்.

முதல் வேலை கணினியில் இல்லை. டெக்கின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு தலையின் சாய்வு. நாடாவில் பதிந்த கோட்டுக்கும் படிக்கும் தலையின் இடுக்குக்கும் சிறு கோணம் விழுந்தாலும் உயர் அலைவெண்கள் மங்கும். இரு பக்கத்தையும் கூட்டி மோனோவாகக் கேட்டுக்கொண்டே தலையருகே உள்ள சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பினால், ஒரு புள்ளியில் ஜால்ராவின் ஓசை திறந்துகொள்ளும். அதைத் தாண்டினால் மீண்டும் மங்கும். அப்புள்ளியே சரியான சாய்வு. அடுத்து டால்பி என்னும் இரைச்சல் குறைப்பு. நாடா டால்பி பி முறையில் பதிந்ததாயின் டெக்கிலேயே அதை இயக்க வேண்டும். அம்முறை நிலையைப் பொறுத்து வெவ்வேறளவில் செயற்படுவதால், நிலை மாறிய பின் மென்பொருளில் ஈடு செய்வது கடினம்.

இப்போது டெக்கின் லைன் வெளியீட்டிலிருந்து இடைமுகத்தின் இரு லைன் வாயில்களுக்கு வடம் இடுகிறோம். டெக்கின் வெளியீடு மாறா நிலையது. ஆகவே பெருக்கம் நிகழத்தக்க இடம் இடைமுகத்தின் குமிழ் ஒன்றே, ஏனெனில் மாற்றிக்கு முன்னே உள்ள இடம் அது. நாடாவில் மிக உரக்க ஒலிக்கும் இடத்தை, இங்கே தவில் தனி ஆவர்த்தனத்தின் இறுதியை, ஓடவிட்டு உச்சம் முழுவளவுக்கு 10 அல்லது 12 டெசிபெல் கீழே நிற்குமாறு இரு குமிழ்களையும் நிறுத்துகிறோம். இவ்வளவு இடம் விட்டால் தரம் குறையாதா என ஐயுறலாம். கேசட்டின் இரைச்சல் நாடாவின் உச்சத்துக்கு 50 டெசிபெல்லுக்குச் சற்று மேலான ஆழத்தில்தான் கிடக்கிறது. 24 பிட் மாற்றியின் இரைச்சல் 100 டெசிபெல்லையும் தாண்டிய ஆழத்தில். 12 டெசிபெல் விட்டுக்கொடுப்பதால் இழப்பு ஏதுமில்லை.

இதற்குப் பிந்தைய குமிழ்கள் யாவும் பூச்சிய டெசிபெல்லில் நிற்க வேண்டும். ஆல்சாமிக்ஸரைத் திறந்து எஃப்6 விசையால் இடைமுகத்தையும் எஃப்4 விசையால் பதிவுப் பக்கத்தையும் தெரிந்தால், திரையின் மேற்பகுதியில் அந்தப் பட்டியின் பெருக்கம் டெசிபெல்லில் தெரியும். பட்டியின் உயரம் நூறு விழுக்காடா என்பது பொருட்டன்று. அந்த எண் 0.00 ஆக இருக்கிறதா என்பதே பொருட்டு. மடிக்கணினியின் உள்ளிணைந்த ஒலியமைப்பில் நூறு விழுக்காடு என்பது 30 டெசிபெல் கூட்டலாகவும் இருக்கலாம். பல இடைமுகங்களுக்கு இப்பக்கம் வெறுமையாகவே இருக்கும், அது குறையன்று. சேவையகத்தின் பட்டியையும் 100 விழுக்காட்டில் வைக்க வேண்டும். பேவியூகண்ட்ரோல் என்னும் செயலி அதை 153 விழுக்காடு வரை இழுக்க விடுகிறது. அந்த 11 டெசிபெல் எண்களைப் பெருக்குவதால் வருவது, இரைச்சலையும் கூடவே உயர்த்துவது. இணையவழிக் கூட்டச் செயலிகள் உள்ளீட்டு நிலையைத் தாமே ஏற்றி இறக்கும் இயல்புடையவை. ஆகவே பதிவின்போது அவற்றையும் அவை ஓடும் உலாவியையும் மூடிவைக்க வேண்டும்.

9. அடையாளம் காணல்

இடைமுகத்தைக் கர்னல் ஏற்றதா என அறிய, ஏரெக்கார்ட் கட்டளையைச் சிறிய எல் தெரிவோடு இயக்கினால் பதிவுக்குரிய கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எண் உண்டு. அந்த எண் அடுத்த முறை மாறக்கூடும் என்பதால், எண்ணுக்குப் பதில் அட்டையின் பெயரைப் பயன்படுத்துவது நன்று. ப்ராக் அடைவில் அசவுண்டு என்பதன் கீழ், அந்த அட்டைக்குரிய உட்கோப்புறையில் ஸ்ட்ரீம்0 என்னும் கோப்பு இருக்கும். யூஎஸ்பி கருவியின் முழு இயல்பும் அதில் எழுதியிருக்கும்: மாதிரி வடிவம் எஸ்24_3எல்ஈ, அதாவது மூன்று பைட்டில் அடங்கிய 24 பிட், தடங்கள் இரண்டு, வீதங்கள் 44,100, 48,000, கடிகார முறை தற்சார்பு. விளம்பரத்தில் 24 பிட் என்று சொல்லி 16 பிட் மட்டும் தரும் கருவியை இக்கோப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்சாவில் ஒரே கருவிக்கு இரு பெயர்கள் உண்டு. எச்டபிள்யூ என்னும் பெயரால் அழைத்தால், கருவி தராத வடிவத்தைக் கேட்கும்போது மறுப்பு வரும். ப்ளக்எச்டபிள்யூ என்னும் பெயரால் அழைத்தால் ஆல்சா ஓசையின்றி மாற்றித் தரும். மறுப்பவனே நல்ல சாட்சி. சோதனைக்கு முதற்பெயரையே பயன்படுத்துகிறோம். கருவி வேறெதனாலோ பிடிக்கப்பட்டுள்ளது என்னும் செய்தி வந்தால், அதைச் சேவையகம் வைத்திருக்கிறது என்று பொருள். கருவியைப் பயன்படுத்தும் செயலிகளை மூடிச் சில நொடி காத்தால் பைப்வயர் அதை விட்டுவிடும்.

10. சுணக்கமும் தவறவிடலும்

இடையகத்தின் அளவை மாதிரி வீதத்தால் வகுத்தால் அதனால் எழும் சுணக்கம் கிடைக்கும். 48,000 வீதத்தில் 64 மாதிரி இடையகம் 1.3 மில்லிநொடி, 256 மாதிரி 5.3 மில்லிநொடி, 1024 மாதிரி 21.3 மில்லிநொடி. காற்றில் ஒலி மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும் ஆதலின், 5.3 மில்லிநொடி என்பது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் அமர்ந்த பக்கவாத்தியத்தைக் கேட்பதற்கு ஒப்பு. உள்ளே வருதலும் வெளியே செல்லுதலும் சேரும்போது இது இரட்டிக்கும்.

சுணக்கத்தைக் குறைப்பதே திறமை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அதை நாம் ஏற்கவில்லை. கேசட்டை எண்ணிமமாக்குவோர்க்கும் கச்சேரியை நேரே பதிவோர்க்கும் சுணக்கத்தால் ஒரு தீங்கும் இல்லை. அவர்கள் 1024 அல்லது அதற்கும் மேலே வைப்பதே அறிவுடைமை. முன்பே பதிந்த தடத்தைக் கேட்டுக்கொண்டே பாடுவோர்க்கு மட்டும் அது இடையூறு. அவர்களுக்கும் இடைமுகத்தில் உள்ள நேரடிக் கேட்பு வசதி கணினி வழியாகச் சுற்றாமல் குரலைக் காதுக்குத் தந்துவிடும்.

இடையகம் நிரம்பியும் செயலி வந்து எடுக்காதபோது மாதிரிகள் வீணாகின்றன. இது தவறவிடல். ஏரெக்கார்ட் இதை ஓவர்ரன் என்று மில்லிநொடிக் கணக்கோடு அறிவிக்கும். காதுக்கு அது டிக் என்னும் துள்ளல். ஒலிச்செயலுக்குக் கர்னல் முன்னுரிமை தராமை, யூஎஸ்பி ஹப்பில் வட்டும் இடைமுகமும் நெருக்குதல், மின்சிக்கனத்துக்காகக் கணினியின் மையச் செயலகம் (சிபியு) தூங்கி விழித்தல் என்பன அதன் காரணங்கள். பயனரை நிகழ்நேர முன்னுரிமை பெற்ற குழுவில் சேர்த்தலும், இடைமுகத்தைக் கணினித் துளையில் நேரே செருகுதலும், செயலகத்தை முழுவேகத்தில் நிறுத்துதலும் முறையே அவற்றின் தீர்வுகள். நிகழ்நேரக் கர்னலுக்கென நெடுங்காலம் தனியாக வளர்ந்த மாற்றங்கள் 2024இல் 6.12 பதிப்பில் மூலக் கர்னலோடு இணைந்தன. பெரும்பாலான பதிவுகளுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை.

11. கோப்பு

பன்னாட்டு ஒலி, ஒளிக்காட்சி ஆவணக் காப்பகச் சங்கம் ஒப்புமை ஒலிப்பதிவுகளை எண்ணிமமாக்கக் குறைந்தது 48,000 வீதமும் 24 பிட் ஆழமும் வேண்டும் என்கிறது. கேசட்டுக்கு இதையே நாம் கொள்கிறோம். இதற்கு ஸ்டீரியோவில் நொடிக்கு 2,88,000 பைட்டும், சி-90 முழுமைக்கும் ஏறத்தாழ 1.56 ஜிகாபைட்டும் செல்லும். 192 கிலோஹெர்ட்ஸில் பதிவது இடத்தை நான்கு மடங்காக்குமே அன்றி, நாடாவில் இல்லாத ஒலியை உண்டாக்காது.

வேவ் கோப்பு தன் நீளத்தை 32 பிட் எண்ணாக எழுதுவதால் 4 ஜிகாபைட்டைத் தாண்ட இயலாது. ஸ்டீரியோவுக்கு இவ்வரம்பு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டுத் தடங்களை ஒரே கோப்பில் எழுதும் கச்சேரிப் பதிவுக்கோ 62 நிமிடத்தில் வந்துவிடும். தனியாவர்த்தனம் தொடங்குமுன்பே கோப்பு முடிந்துபோன துயரம் இவ்வாறு நேர்வது. தடத்துக்கு ஒரு கோப்பாக எழுதுவதோ, ஆர்டர் என்னும் பதிவுச் செயலியில் ஆர்எஃப்64 வடிவத்தைத் தெரிவதோ இதைத் தவிர்க்கும்.

பதிந்த கோப்பில் இரைச்சல் நீக்கமோ நிலை உயர்த்தலோ செய்யுமுன் அதை அப்படியே ஃப்ளாக் வடிவில் சேமித்துவிட வேண்டும். திருத்தங்கள் நகலில் நிகழட்டும். ஃப்ளாக் ஒரு மாதிரியையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குவது. அதோடு, சுருக்குமுன் இருந்த மாதிரிகள் அனைத்துக்கும் ஓர் எம்டி5 சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தன் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. பல்லாண்டு கழித்து வட்டிலிருந்து அக்கோப்பை எடுப்பவர், ஃப்ளாக் கட்டளையைச் சிறிய டி (t) தெரிவோடு இயக்கினால் போதும். அன்று இடைமுகத்திலிருந்து வந்த எண்கள் மாறாமல் இருக்கின்றனவா என்பதை அது ஒவ்வொரு மாதிரியையும் மீண்டும் விரித்துப் பார்த்துச் சொல்லும்.